நடுவில் ஒரு வியாழன்

பஞ்சுச் சுருள் இரண்டு வைத்தேன்,
மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளாதபடி.
"நாக்கை அண்ணத்தில் ஒட்டுங்கள். விழுங்காதீர்கள்."
டெஜோ ஸிலாகி,
ஷோப்ரோன் ரயில் நிலையத்தில்
முப்பது வருடம் தண்டவாளம் மாற்றிவிட்டவர்,
பதினான்கு நொடி கல்லாய் நின்றார்.
அது செவ்வாய்.

வெள்ளியன்று ஈறோரம் காற்றடித்து உலர்த்தி
பேனா கேமராவைப் பல் பல்லாக நகர்த்தினேன்.
எச்சில் ஒரு சொட்டு போதும்,
இல்லாத மேடு திரையில் முளைத்துவிடும்.

மாலை, எலும்புப் படத்தின் மேல் பல் படத்தை ஏற்றினேன்.
எல்லாம் படிந்தது.
ஒரு கடைவாய்ப்பல் மட்டும் முரண்டு பிடித்தது.
முக்கால் மில்லிமீட்டர்.

"மெஷின் கோளாறு. சராசரி எடுத்துப் போடு" என்றான் பாலிந்த்,
கோட்டை மாட்டிக்கொண்டே.

கொஞ்சம் கீழே நரம்பு ஓடுகிறது.
நான் ஆரஞ்சு நிறத்தில் வரைந்தது.
காபி சுடுகிறதென்று
அவர் உதட்டுக்குச் சொல்வது.
சராசரி வாய் யாருக்கு இருக்கிறது?

போன் போட்டேன்.
"இடையில் ஏதாவது கடித்தீர்களா?"
மௌனம். ஓர் இருமல்.
"வியாழன்று வால்நட். உடைக்கும் இடுக்கி
கைக்குக் கிடைக்கவில்லை."

ஆக, இரண்டு படமும் பொய் சொல்லவில்லை.

சில்லுப் போன பல்லைச் சாட்சிப் பட்டியலிலிருந்து நீக்கி
மற்றவற்றை மட்டும் கேட்டேன்.
சொடுக்கென்று உட்கார்ந்தது தாடை.

"எவ்வளவு பிசகு?" என்றார்.
சொன்னேன்.
"ஐயோ" என்றார், தண்டவாளக்காரர்.

"அறுவை வரைக்கும் சூப் மட்டும்."
"நூடுல்ஸ் போட்டா?"