ஒரு மூட்டையும் சொச்சமும்

சீனக்குடா ஆலையில்
பதினேழு வருஷமாய் மா என்மேல் படிகிறது.
புருவத்தில், காதுமடலில்,
சட்டைப்பையில் மறந்த பஸ் ரிக்கற்றில்.
கப்பலில் கோதுமையாய் வந்திறங்குவதை
மூட்டையாய் அனுப்பிவைக்கிற இடம்.

அதே பதினேழு வருஷமும்
பின்னேரமானால் வயிறு மத்தளம்.
காஸ் என்றேன் நான்.
பருப்பு என்றாள் சுகிர்தா.
கண்ணூறு என்று மாமி செத்தல்மிளகாய் எரித்தார்.
மிளகாய் வெடித்தது. வயிறு அடங்கவில்லை.

டொக்டர் விமலேந்திரா பேனையை மூடிவிட்டுச் சொன்னார்:
"ஆறு கிழமைக்குக் கோதுமை மாவைத் தொடாதேயுங்கோ."
தொடாமல்?
குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
ஆஸ்பத்திரித் தரையில்
வாசலிலிருந்து கதிரைவரை வெள்ளைப் பாதங்கள்.

மகள் ஆரபி போனில் ஆப் ஒன்று இறக்கித் தந்தாள்.
வயதைக் கேட்டது, உயரத்தைக் கேட்டது,
எண்பத்தொன்பது கிலோ என்றதும்
சுற்றிச் சுற்றி யோசித்தது.
காலை என்ன சாப்பிட்டீர்கள்?
குரக்கன் பிட்டு.
கிடைக்கவில்லை. பீட்சா என்கிறீர்களா?
சொதி.
சோடா?
கட்டாச் சம்பலுக்கு அது வாயே திறக்கவில்லை.
கடைசியில் நானே எழுதிச் சேர்த்தேன்:
ஒடியல் கூழ், ஒரு கோப்பை, கலோரி உத்தேசம்.
மூக்கால் உள்ளே போகிற மாவுக்கு மட்டும்
அதில் கட்டம் இல்லை.

எங்கெங்கே ஒளிந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.
இடியப்பக்காரி சிரித்தாள்:
"முழுக்க அரிசிமா எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"
டெவலில் ஊற்றுகிற சோயா சோஸில்.
பெருங்காய டப்பாவின் அடியில், எறும்பு எழுத்தில்.
ரசம்கூட ஏமாற்றியிருக்கிறது என்னை,
காய்ச்சல் நாட்களில்,
அத்தனை அன்பாக.

பின்னேரங்களில் டச்சுக்குடாக் கரையால் நடக்கிறேன்.
காது கிழிந்த மான் ஒன்றுக்கு என்னைத் தெரியும்.
முன்பெல்லாம் பாதிப் பணிஸ் அதற்கு, பாதி எனக்கு.
இப்போது வெறுங்கையை மோந்துவிட்டு
இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று பார்க்கிறது.
அதன் வயிற்றைப் பற்றி
ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ஆப் பொல்லாத கணக்கப்பிள்ளை,
கண்தான் தெரியாது.
நிலாவெளி றோட்டில் பஸ் குலுங்கினால் அறுநூறு அடி.
மூதூர்ப் படகில் போன நாளின் வரைபடத்தில்
கடல்மேல் நேர்கோடாய் நடந்திருக்கிறேன்.
கோணேசர் மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றால்
ஓய்வெடுக்கிறீர்களா, என்கிறது.
சின்னையாவின் செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில்,
கைமணிக்கூடு அதிர்ந்தது:
எழுந்து நகர வேண்டிய நேரம்.
எழுந்தேன்.
தாங்கமாட்டாமல் எழும்புகிறேன் என்று
ஆரோ தோளைப் பிடித்தார்கள்.
அந்தக் கை பட்டபிறகு
உண்மையாகவே தாங்கமுடியவில்லை.

ஐம்பத்தோராம் நாள், இரவு ஷிப்ற்.
கேற்றுக்கு வெளியே தகரத்தில் கொத்துகிற சத்தம்.
ஒரு பிளேற். பிறகு பாதி.
ஆப்பில் எழுதினேன்: வெள்ளரிக்காய்.
பச்சை மின்னி, சபாஷ் என்றது.
விடியப்புறம் மூன்று மணிக்கு
வயிறு அதைத் திருத்தி எழுதியது.

வீட்டுத் தராசில் எனக்கு நம்பிக்கை இல்லை.
சனிக்கிழமைகளில் வேலை முடிய
மூட்டை நிறுக்கிற மேடையில் ஏறுவேன்.
ஃபாயிஸ் மூட்டைக் கணக்கில்தான் வாசிப்பார்.
சித்திரையில்: "ஒரு மூட்டையும் முப்பத்தொம்பதும்."
ஆடியில்: "ஒரு மூட்டையும் முப்பத்துநாலும்."
இன்றைக்குக் கூரையில் மழை.
பெல்ற்றில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
ஒரு காலை மேடையில் வைத்துவிட்டேன்.
"நில்லுங்க, நில்லுங்க," என்றார்
வாயில் வெற்றிலையோடு.
"மேல கிடக்கிற மாவைத் தட்டிட்டு ஏறுங்க."