மேட்டில் மட்டும்

கப்பெல் பள்ளத்தாக்கைவிட்டு மேடேறினால்
படபடவென்று வெடிக்கும் ஒரிஸ்யாவின் பிக்கப்.
இறக்கத்தில் பரம சாது.

பெட்ரோலில் தண்ணீர் என்றார்கள் சர்ச் வாசலில்.
டேங்க்கை வடித்தாள். ஒரு வாரம் போச்சு.
சைலன்சர்தான் என்றேன் நான். மாற்றினேன்.
நானூறு டாலர்.
மறுநாளும் மேட்டில் வெடி;
கோதுமைத் தாளடியில் மேய்ந்த வாத்துகள்
மொத்தமாய் எழும்பின.

அக்டோபர் இரவு. கொட்டகை விளக்கை அணைத்தாள்.
பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தபடி
உள்ளே நான்.
திறந்த பானட்டுக்குள்
கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயால்
தண்ணீர் தூவினாள்.

எனக்குத் தெரிந்தது அவள் முகம்தான்:
நீலமாகி, இருண்டு,
நீலமாகி.

"நான்காம் பிளக் ஒயர். எலி கடித்திருக்கிறது.
பன்னிரண்டு டாலர் இருக்குமா?"

இருக்கும் என்றேன்.
காலை எடுக்கப் போனேன்.

"இரு, இன்னும் கொஞ்சம் மிதி"
என்றாள்.