பதினேழாம் பெட்டி

நாற்பது பெட்டி.
இருபது கிண்டிக் காட்டில்,
இருபது நன்மங்கலத்துத் தைல மரங்களில்.
ஏணியை ரெஜினா பிடிப்பாள்.
மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பது என் வேலை.

தைல மரம் நெட்டுக்குத்தாய் வளரும். வழவழப்பு.
முறிந்த கிளை இல்லை, பொந்து இல்லை.
மரங்கொத்தி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும்.
அங்கேதான் பெட்டிகளுக்கு அடிதடி:
இருபத்து மூன்றில் மைனா,
இருபத்தாறில் குண்டுக்கரிச்சான்,
நீலப்பச்சையில் பழுப்புத் தெளித்த நாலு முட்டை.
முப்பதில் புள்ளி ஆந்தை,
என் விரலை முறைத்தபடி.
"மேடவாக்கத்துல வாடகைக்கு வீடு தேடுற மாதிரி இருக்கு"
என்றாள் ரெஜினா.
அட்வான்ஸ்தான் கிடையாது.

கிண்டியில் கதை வேறு.
ஒன்று: காலி.
இரண்டு: எறும்பு.
ஐந்து: காலி. ஒரு காய்ந்த இலை.
எழுத எழுத எனக்கு வயிற்றில் புளி.
பெட்டிக்கு அறுநூறு ரூபாய் ஆயிற்றே,
கேட்பார்களே.

பதினேழில் ஏறியபோது
பக்கத்துக் கிழட்டு வாகையில் ஏதோ கீச்சிட்டது.
வர்தா புயல் பிய்த்த கிளையின் வடு
உளுத்து, குழிந்து,
வாசலாகி,
அதில் ஒரு சிவந்த அலகு.
கிளி என்னைப் பார்த்தது.
பெட்டியைப் பார்த்தது.
உள்ளே போய்விட்டது.

தைல மரத்துக்கு இப்படி ஒரு காயம் வாய்க்க
எத்தனை புயல் வரவேண்டும்,
அதுவரை யார் அதை வெட்டாமல் விடுவார்கள்?

"என்ன எழுதப் போற?"
கீழிருந்து ஏணி ஆடியது.
'பயன்பாடு' கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
'காரணம்' கட்டத்தில்
வாகை என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து,
கிழடு
என்றும் சேர்த்தேன்.