நாற்பத்தொரு பேருக்கு ஒரு கோட்டு

பிளஸ்-டூ முடிவு வந்த மறுநாளே
பிளாஸ்டிக் கோப்போடு ஏஜென்ட் வந்தார்.
அம்மா ரப்பர் ஷீட்டை
அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.
"மோளுக்க மார்க்குக்குப் பாதி பீஸு தள்ளுபடி."
மீதிப் பாதி எவ்வளவு என்று அம்மா கேட்டதற்குக்
கோப்பைத் திறந்தார்.
முதல் பக்கத்தில் ஒரு நீரூற்று.

சுபின் அண்ணன் எழுந்து
பால் எடுக்கப் போகிறேன் என்று பின்வாசலால் போனான்.
அன்றைக்கு விடியும் முன்பிருந்தே மழை.
மரத்தில் வெட்டே இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
அருமனையில் ஏறி
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் வண்டி மாறி
காசில்லாச் சீட்டிலேயே மூன்று நாள் சுற்றினேன்.

முதல் கல்லூரியில் ஏசி, தேநீர், பிஸ்கட்.
மாணவிகளின் கழிப்பறை எங்கே என்றேன்.
"இங்கேயே போகலாம், நீங்க விருந்தாளி."
மூன்று வருஷமும் விருந்தாளியா என்று கேட்கத்
தைரியம் வரவில்லை.
பின்கட்டிடத்தில் போய்ப் பார்த்தேன்.
ஐந்து கதவு, மூன்றில் பூட்டு,
குழாய் திறந்தால் காற்று.
நோட்டில் எழுதினேன்: பிஸ்கட் நல்லது.

இரண்டாவதில் ஒரு சுவர் முழுக்க
வேலை கிடைத்தவர்களின் படங்கள்.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
பதினேழாவது சுபின் அண்ணன்.
தலைக்கு மேலே ஒரு கம்பெனியின் பெயர்,
காலுக்குக் கீழே ஒரு சம்பளம்.
தக்கலை சூப்பர் மார்க்கெட்டில்
அவன் பில் போடத் தொடங்கி
அப்போது பதினான்கு மாதம்.

இரவில் கேட்டேன்.
"அது எனக்க படம்தான்.
கோட்டு அவங்களுக்கது" என்றான்.
"வரிசையா நின்னோம்.
ஒருத்தன் களத்தினா அடுத்தவன் இடணும்.
என்னட்ட வரும்போ கக்கம் நனைஞ்சிருந்தது."
கம்பெனிக் கடிதம்?
பாத்திரத்தில் மீதி இருந்த கஞ்சியைக் குடித்தான்.
கடன் பேச்சை அப்பா எடுக்கவில்லை.
மோட்டாரை நிறுத்த வெளியே போனார்.

மூன்றாவதற்கு விளம்பரமே கிடையாது.
அரசுக் கல்லூரி.
வாசலில் என்னை யாரும் வரவேற்கவில்லை,
யாரும் தடுக்கவும் இல்லை.
தாவரவியல் ஆய்வகத்தில் கூரை ஒழுகியது,
ஒழுகும் இடத்தில் வாளி.
மேசையில் சணலால் கட்டிய பேனாவோடு ஒரு பதிவேடு:
நுண்ணோக்கி எடுத்தவர் பெயர், வகுப்பு, நேரம்.
வெள்ளிக்கிழமை வரை இடமில்லை.
ஒரு பெயரை யாரோ அடித்துத் தன் பெயர் எழுத
அதையும் அடித்து முதல் பெயர் திரும்பி வந்திருந்தது.
அந்தச் சண்டையைப் பார்த்துத்தான்
இங்கே சேர்ந்தேன்.

சேர்ந்தபின் சொன்னால் நம்பமாட்டீர்கள்,
இரண்டாம் பருவத்தில் ஒரு தாளுக்கு ஆசிரியரே இல்லை.
ரெஜிலினும் நானும் பாடத்தைப் பங்குவைத்தோம்.
அவள் வேர், நான் தண்டு.
பாதியைத் தப்பாகப் படித்து
பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு கண்டுபிடித்தோம்.
மனு எழுதினோம். திரும்பவும் எழுதினோம்.
மூன்றாவது மனுவுக்கு ஆசிரியை வந்தார்,
மின்விசிறி இன்னும் வரவில்லை.

ஆடி மழையில் எங்கள் மரங்கள்
பச்சையாகவே இலை கொட்டின.
ஒரு காம்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்
என் சனிக்கிழமை நேரத்தில் லென்சுக்கு அடியில் வைத்தேன்.
எலுமிச்சை வடிவில் சின்னச் சின்னதாய்
ஒரு கூட்டம் அங்கே குடியிருந்தது.
எத்தனை வருஷமாய் எங்களோடு
வரும்படியைப் பங்கு போட்டதோ.

அடுத்த சனிக்கிழமை சுபின் அண்ணனைக் கூட்டிப்போனேன்.
லீவு சொல்லாமல் வந்திருந்தான்.
பதிவேட்டில் பெயர் எழுதினான்.
வகுப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தான், எடுத்தான்.
பிறகு 'அண்ணன்' என்று எழுதினான்.

ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தான்.
வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.
ஒன்றேகாலுக்குப் பேருந்து என்று நினைவுபடுத்தினேன்.
"வேற எல உண்டா?" என்றான்.