உள்வளைவு

கீழ்த்தளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் எட்டு மில்லி.
ஊதா மூடி. பட்டைக் குறியீடு. மாதிரி பதினேழு.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
தெரியாதுதான்.
ஆனால் வராந்தாவில் முழங்கை மடித்துப்
பஞ்சை அழுத்தியபடி ஒருவர் கேட்டார்:
"மிச்ச ரத்தத்தைத் திருப்பி ஏத்திருவீங்களாம்மா?"
மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்தவர்.
மடியில் ஸ்கேன் கவர், கவருக்குள் இரண்டு ஆரஞ்சு.
இல்லையென்று சொல்ல வாய் வராமல்
"பார்க்கிறேன்" என்றேன்.

சில்லு என் உள்ளங்கையைவிடச் சிறியது.
நுங்குச் சுளை போல் அழுத்தினால் நெகிழும்.
உள்ளே, இரண்டு தலைமுடி ஆழத்தில்,
சுருண்டுகொண்டே போகும் ஒரு வாய்க்கால்.
அதை வார்த்த ஹம்சவேணி மேடம் சொன்னார்:
பெருத்த செல்கள் உள்வளைவைப் பிடித்துக்கொள்ளும்,
சிறுத்தவை வெளிச்சுவருக்குப் போய்விடும்.
நான் நம்பவில்லை.
ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசியிலும்
எல்லோரும் ஒரே பக்கம்தான் சாய்கிறோம்,
கண்டக்டரும், கைக்குழந்தையும், வாந்திப் பையும்.
சாயம் ஏற்றி ஓட்டிக் காட்டினார்.
நம்பினேன்.

ஒரு மில்லியில் ஐந்நூறு கோடி சிவப்பணு.
அவற்றை முதலிலேயே உடைத்துக் கரைத்தாயிற்று.
எஞ்சிய வெள்ளை ஐந்தாறு கோடி.
அதற்குள் நான் தேடுவது
ஒரு கை விரல்களுக்குள் முடியலாம்.
இல்லாமலும் போகலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுக்குக் கீழே கொலுசுப் பட்டறை.
சனிக்கிழமை தரைப் புழுதியைக் கூட்டி
எரித்து, உருக்கி, ஒரு பொட்டு வெள்ளி எடுப்பார்கள்.
கிடைத்தால் பத்மராஜ் அண்ணன் தெருவுக்கே டீ சொல்வார்.
எனக்குக் கிடைத்தால்
யார் யாருக்கு டீ சொல்வது?

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தியது.
சிரிஞ்சு பம்ப் ஒரு கணம் தயங்கி மறுபடி தள்ளியது.
அந்தத் தயக்கத்தில் குழாயில் ஒரு காற்றுக் குமிழி,
ஜவ்வரிசியில் பாதிகூட இல்லை.
உள்ளே போனால் எட்டு மில்லியும் வீண்,
அவர் மறுபடி கையை நீட்ட வேண்டும்.
நகத்தால் குழாயைத் தட்டினேன்.
தட்டினேன்.
ஏறி, வெளியேறியது.

இருட்டறை.
நீலம் உட்கரு. பச்சை, நான் தேடுவது.
சிவப்பும் சேர்ந்து மின்னினால் வெறும் வெள்ளையணு, விடு.
முதல் கட்டம் காலி. நாற்பதாவது காலி.
எனக்குள் ஒருத்தி, இப்படியே காலியாகப் போகட்டும் என்றாள்.
இன்னொருத்தி, சில்லு கோட்டை விட்டதோ என்றாள்.
இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம்.

அறுபத்திரண்டில் ஒன்று.
பச்சை விளிம்பு, நீல நடு,
எந்தக் கூட்டத்திலும் சேராமல்.
அழகாக இருந்தது.
அதை எழுத நோட்டில் பத்தி கிடையாது.
தள்ளி, ஒட்டிக்கொண்டு இரண்டு.
கடைசி வரிசையில் ஒன்று.

நான்கு.

மேடம் கை தட்டினார்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
குறிப்பேட்டைப் புரட்டினார். போன மாதம் பதினொன்று.
ஏழு குறைந்தது மருந்தாலா,
நான் தட்டிய குழாயாலா?
யாரும் சொல்லாமலே கழிவுக் குப்பியை
மறுபடி ஏற்றி ஓட்டினேன்.
ஒன்றுமே இல்லை.
ஒன்றுமில்லாததை ஒவ்வொரு கட்டமாக
இரண்டு முறை பார்த்தேன்.
பிறகு பிளீச் ஊற்றி மூடினேன்.

ஆறரைக்குக் கீழே இறங்கினால்
டாக்டர் டோக்கனை மடித்து மோதிரமாக்கி
விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
"பார்த்தீங்களா?"
"பார்த்தேன்."
அதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அவரும் கேட்கவில்லை.
ஒரு ஆரஞ்சை என்னிடம் நீட்டிவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.

என் சில்லில் எல்லா வளைவும் ஒரே பக்கம்.
அவர் ஏறப்போகும் மலையில்
உள்பக்கம் என்பது
அடுத்த வளைவு வரைக்கும்தான்.