பெயரெச்சம்

பிப்ரவரியில் கடல் இறுகிவிட்டது.
ஹீயுமா தீவின் படகுக்கு வேலையில்லை,
அதன் எஞ்சினைப் பார்க்கும் எனக்கும்.
அந்த ஓய்வில்தான், ஒரு சாயங்காலம்,
என் எள்ளுத்தாத்தாவைத் தொலைத்தேன்.

மூன்று வருடமாகக் கையில் இருந்தவர்.
தோனிஸ் கீஸ்க், யாக்கின் மகன்.
ஞானஸ்நானப் பதிவேட்டில்
ஜெர்மன் பாதிரியாரின் கையெழுத்து:
தட்டில் ஒதுக்கிய நெத்திலி முள் போல
ஒவ்வொரு எழுத்தும் சாய்ந்து கிடக்கும்.
1841, மார்ச் ஒன்பது.
தாய் எல். ஞானத்தாய் மாட்லி, மேட்டு வீட்டுக்காரி.

கீஸ்க் என்றால் முள் நிறைந்த ஒரு பொடி மீன்.
பண்ணை மேலாளர் ஒரே மதியத்தில்
நாற்பது குடும்பங்களுக்குப் பெயர் வைத்தாராம்;
மரங்கள் தீர்ந்து
மீன்களுக்கு வந்திருந்தபோது
எங்கள் முறை.

புகைப்படம் ஒன்று உண்டு, 1912.
பின்னால் திரையாகக் கட்டிய போர்வை,
போர்வைக்கு அடியில்
யாரும் கவனிக்காத கோழியின் இரண்டு கால்கள்.
முழங்காலில் தொப்பி. இடக்கையில் சுண்டுவிரல் இல்லை.
அட்டையின் முதுகில் பென்சிலால்:
அப்பா, வயது அறுபத்தொன்பது.

என் கணக்கில் எழுபத்தொன்று.
எழுதியவளுக்குக் கணக்கு வராது போலும்
என்று விட்டுவிட்டேன்.

கல்லறையில் இரும்புச் சிலுவை.
காகிதம் வைத்துக் கரியால் தேய்த்தேன்.
ஒன்று, எட்டு, நான்கு;
கடைசி எண்ணைத் துரு தின்றிருந்தது.
ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.
ஒன்று என்று படித்தேன்.
ஒன்று என்று தெரிந்துதானே போயிருந்தேன்.

சாவுப் பதிவேட்டை நான் திறந்ததே இல்லை.
உயிரோடு இருந்தவனை
அதில் யார் தேடுவார்?

அன்று திறந்தேன்,
வேறு யாரோ ஒரு கிழவிக்காக.
ஆகஸ்ட் 1841.
தோனிஸ், யாக்கின் மகன், ஐந்து மாதம்.
காரணம்: பல் முளைத்தல்.

தேநீர் ஆறியது. பக்கங்களைத் தள்ளினேன்.
1843, நவம்பர்.
தாய் எல். ஞானத்தாய் மாட்லி.
பெயர்
தோனிஸ்.

தங்கை ஹில்யாவுக்குப் போன் செய்தேன்.
"அப்போ நாம ரெண்டாவது ஆளோட வம்சம்.
இதில் என்ன மாறிப்போச்சு?
உப்பு போட்டியா படிக்கட்டில்?" என்றாள்.

என்ன மாறியது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் எல்,
இரண்டு கோடை கடந்து
அதே துணியில் வேறு பிள்ளையைச் சுற்றியபோது,
முதல்முறை அந்தப் பெயரைக் கூப்பிடுமுன்
எங்காவது ஒரு நொடி நின்றிருப்பாளா?
இல்லை, ஒரு நல்ல பெயர்
வீணாகக் கூடாது என்று மட்டும் நினைத்தாளா?
வறுமையில் பெயரும் ஒரு சட்டைதான்;
அண்ணனுக்குப் பிறகு தம்பி போட்டுக்கொள்வான்.

சுண்டுவிரல் இழந்தவனுக்குத் தெரியுமா,
தன் பெயருக்குள் இன்னொருவன்
ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போனது?

கணினியில் என் குடும்ப மரம்.
முதல் தோனிஸின் பெட்டியிலிருந்து
எல்லாரையும் அவிழ்த்து
இரண்டாமவனுக்குக் கீழே கட்டினேன்:
பிள்ளைகள் ஒன்பது பேர்,
ஸ்வீடனுக்குப் படகேறியவர்கள்,
திரும்பாதவர்கள், ஹில்யா, நான்.
அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மேலே ஒரு பெட்டி தனியே நின்றது.
கீழே கோடு இல்லை.
அழிக்கவா என்று கேட்டது இயந்திரம்.

பிறந்த, இறந்த.
இரண்டு சொல்லும்
ஒரு பெயரைக் கேட்டபடி நிற்கின்றன.
வேண்டாம் என்று அழுத்தினேன்.

மூன்று வருடமாக மார்ச் ஒன்பதன்று
அந்த இரும்புச் சிலுவையடியில்
மெழுகுவர்த்தி ஏற்றி வந்திருக்கிறேன்.
தவறான நாள். தவறான ஆள்.
அவனுக்கென்று கல் எதுவும் எங்கும் இல்லை.

தேதியை மாற்றப் போவதில்லை.
நவம்பர்க்காரனுக்குப் புகைப்படம் இருக்கிறது,
கோழியும் கூட.