உடையவர் கட்டம்

புலப்படத்தில் அது கல்லாங்குத்துத் தரிசு.
உடையவர் கட்டத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.
கருக்கம்வலசுக்குத் தெற்கே கொறங்காட்டில்
கிளுவை வேலி தாண்டிச் சங்கிலி பிடித்தோம்.
மேகாத்து அதன் மறுமுனையை இழுத்தது.
தூரத்தில் மூன்று காற்றாலைகள் சுற்ற
ஒன்று சும்மா நின்றது.

"மைசூர்த் தண்டு கட்டுன கோட்டைங்க" என்றார் தலையாரி.
"களவு மாடு அடைச்ச பட்டி" என்றான்
கல் சுமந்து வந்த ராக்கியண்ணன்.
ஆளுயரத்துக்கு மேல் நாலு பக்கமும் சுவர்.
கிணறு இருந்த குழியில் ஒரு வெள்வேல மரம்.

சுவரின் கனத்தை அளக்கும்போதுதான் பார்த்தேன்:
துப்பாக்கித் துளைகள்
வெளியே அகன்று
உள்ளே குறுகியிருந்தன.
சுட்டவன் வெளியே நின்றிருக்கிறான்.

யாரிடமும் சொல்லவில்லை.
ஆடு ஓட்டி வந்த நாச்சக்காள்
அவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு
ஒரு துளைக்குள் தூக்குப்போசியைச் செருகினாள்.
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.
"வெயில் படாதுங்க. மோரு புளிக்காது."

யாருடையது என்று எழுத வேண்டும்.
தலையாரி என் கையைப் பார்த்தார்.
காற்றில் தாள் படபடக்க, முழங்கையால் அமுக்கிக்கொண்டு
அந்தக் கோட்டை
இன்னொரு முறை அழுத்தி வரைந்தேன்.